ஆங்கில வெர்ப் வகைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெர்ப் என்றால் ஆக்‌ஷன் வேர்ட், அதாவது செயலைக் குறிக்கும் சொல் என்று முதல் நாள் சொல்லிக்கொடுக்கிறோம். ரன், ஜம்ப், ரைட் என்று பிள்ளையும் உற்சாகமாக அடுக்குகிறது. நாலாவது நாள் பாடத்தில் ‘இஸ்’ வந்து நிற்கிறது. “இதுல என்ன ஆக்‌ஷன்?” என்று கேட்டால் நமக்கே திணறுகிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த இடத்தில் பிறந்தவை. மீதிப் பாதி, தமிழும் ஆங்கிலமும் வினையை வெவ்வேறு விதமாகக் கையாளும் இடங்களில் பிறந்தவை.

எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பிள்ளையிடம் சொல்லும்போது ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்.

எந்த வயதில் வெர்ப் சொல்லித்தரத் தொடங்கலாம்?

வினைகளைப் பழக்குவது வேறு, வகைப் பெயர்களைச் சொல்வது வேறு. முதலாவதை மூன்று வயதிலும் தொடங்கலாம். இரண்டாவது, பிள்ளை தானாக நாலு வாக்கியம் எழுதத் தொடங்கிய பிறகு போதும். பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் அந்த நிலை வருகிறது. வயதைவிட, எழுதுகிறதா என்பதையே பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டளையில் ஆரம்பிப்பது எனக்குப் பிடித்த வழி. ஸ்டாண்ட், டர்ன், ஜம்ப், சிட் என்று நாம் சொல்ல, அவர்கள் செய்ய வேண்டும். அப்புறம் அவர்கள் சொல்ல, நாம் செய்ய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய மொழிப் பயிற்சி முறையே இப்படிக் கட்டளையும் உடல் அசைவும் சேர்ந்ததுதான். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. தமிழில் வா, போ, நில், ஓடு என்னும் ஏவல் வடிவம்தான் வினையின் பகுதி. ஆங்கிலத்திலும் கட்டளையில் வருவது ஒட்டு எதுவும் சேராத வெறும் வினை. பின்னால் எஸ் சேர்வது, ஈடி சேர்வது எல்லாம் வரும்போது, எதன் மேல் சேர்கிறது என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஆக்‌ஷன் வேர்ட் என்று சொல்லிக்கொடுப்பது தவறா?

தவறில்லை, ஆனால் அரைகுறை. நோ, ஹேவ், இஸ் போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியும் செயல் ஏதும் இல்லை. மறுபக்கம், ‘எ பிக் ஜம்ப்’ என்று வரும்போது ஜம்ப் செயல்தான், ஆனால் அங்கே அது பெயர்ச்சொல்.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. வினை காலம் காட்டும், பெயர் காலம் காட்டாது. அதையே விளையாட்டாக்குங்கள். ஒரு வாக்கியத்தை எழுதி, அதன் முன்னால் ‘யெஸ்டர்டே’ என்று ஓர் அட்டையை வையுங்கள். எந்தச் சொல் மாறுகிறது? ‘ஷி இஸ் சிக்’ என்பது ‘ஷி வாஸ் சிக்’ ஆகிறது. மாறிய சொல்தான் வெர்ப். இஸ் எப்படி வெர்ப் ஆகும் என்ற வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

சோதனை சறுக்கும் இடமும் உண்டு. புட், கட், ஹிட் போன்றவை நேற்றானாலும் இன்றானாலும் மாறாது. அப்போது ‘டுமாரோ’ அட்டையை எடுத்து வையுங்கள். ‘வில்’ வந்து எந்தச் சொல்லுக்கு முன்னால் உட்காருகிறதோ, அதுதான் வெர்ப்.

மொத்தம் எத்தனை வகை வெர்ப் இருக்கிறது?

ஒரு புத்தகத்தில் மூன்று, இன்னொன்றில் எட்டு, வேறொன்றில் பதினொன்று என்று இருக்கும். எல்லாமே சரிதான். ஒவ்வொரு பிரிவும் வினையைப் பார்த்து வேறு வேறு கேள்வி கேட்கிறது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் ஆக்‌ஷன், லிங்கிங் (எழுவாயை அதைப் பற்றிய விவரத்தோடு இணைப்பது), ஹெல்பிங் (இன்னொரு வினைக்குத் துணையாக வருவது) என்று பிரிகிறது. உனக்குச் செயப்படுபொருள் வேண்டுமா என்று கேட்டால் ட்ரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ். உன் இறந்தகாலம் எப்படி அமையும் என்று கேட்டால் ரெகுலர் (ஈடி சேர்வது), இர்ரெகுலர் (அப்படிச் சேராமல் வேறு விதமாக அமைவது).

பிள்ளைகள் குழம்புவதற்குப் பெரிய காரணம், இவற்றை அடுத்தடுத்த டப்பாக்களைப் போல நாம் அடுக்கிவிடுவதுதான். ஒரு வினை ஒரு டப்பாவில்தான் இருக்க முடியும் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ‘ஷி ப்ரோக் தி பென்சில்’ என்பதில் ப்ரோக் ஆக்‌ஷன் வெர்ப், ட்ரான்சிட்டிவ், இர்ரெகுலர், மூன்றும்தான். ஒரு பெண் உயரமானவளாகவும், இடக்கைக்காரியாகவும், மூத்தவளாகவும் ஒரே நேரத்தில் இருப்பதில்லையா? அதே மாதிரி என்று சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். நானும் தொடக்கத்தில் சுவரில் கட்டம் போட்டு ஒரு வினைக்கு ஒரு கட்டம் என்று ஒட்டவைத்தேன். பிறகு அதைக் கிழித்துப்போட வேண்டியதாயிற்று.

எந்த வரிசையில் சொல்லித்தருவது?

நான் போகும் வரிசை இது: முதலில் ஆக்‌ஷன் வெர்ப், உடனே இஸ், ஆம், ஆர். அடுத்து டூ, டஸ், டிட். அதன்பின் இறந்தகாலமும் இர்ரெகுலர் வினைகளும். பிறகு கேன், வில், மஸ்ட் போன்ற மோடல் வினைகள். ட்ரான்சிட்டிவ் என்ற பெயரைக் கடைசியில்தான் எடுப்பேன். ஃப்ரேசல் வெர்ப்புக்கு வரிசை கிடையாது. எதிர்ப்படும் இடத்தில் சொல்லிவிட வேண்டியதுதான்.

என் பிள்ளை ‘ஷி டாக்டர்’, ‘திஸ் மை புக்’ என்று இஸ் இல்லாமலே எழுதுகிறான். எத்தனை முறை சொன்னாலும் மறக்கிறான். ஏன்?

மறதியாக இருக்காது. அவன் தமிழில் யோசிக்கிறான். அவள் டாக்டர், இது என் புத்தகம். இந்த வாக்கியங்களில் வினையே கிடையாது. தமிழில் பெயரே பயனிலையாக நின்றுவிடும். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் முழு வாக்கியம் அமையாது.

நாம் செய்யும் தவறு, ‘இஸ் என்றால் இருக்கிறது’ என்று சொல்லிக்கொடுப்பது. அதைக் கேட்ட பிள்ளை, ‘அவள் வீட்டில் இருக்கிறாள்’ என்பதற்கு ‘ஷி இஸ் அட் ஹோம்’ என்று சரியாக எழுதிவிடும். அங்கே தமிழிலும் ஒரு ‘இரு’ இருக்கிறதே! ‘அவள் டாக்டர்’ என்பதில் ‘இருக்கிறாள்’ இல்லை. ஆகவே இஸ்ஸும் வராது. பிள்ளையின் கணக்கு சரி, நாம் கொடுத்த சூத்திரம்தான் தவறு.

அதனால் இஸ்ஸுக்குத் தமிழ்ச் சொல் கொடுக்காதீர்கள். கணக்கில் வரும் சமக்குறியைக் கொடுங்கள். ஷி, சமக்குறி, டாக்டர். திஸ், சமக்குறி, மை புக். பிள்ளையே சமக்குறியை அழித்துவிட்டு அங்கே ஆம், இஸ், ஆர் மூன்றில் ஒன்றை எழுதட்டும். சில நாள் சமக்குறியோடு எழுதிய பிள்ளைக்கு அந்த இடம் காலியாக இருந்தால் கண்ணில் உறுத்தும். நமக்கு வேண்டியது அதுதான்.

இந்த ஒரு வினைக்கு மட்டும் எட்டு வடிவங்கள்: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். ஆங்கிலத்தில் வேறெந்த வினைக்கும் இத்தனை முகம் கிடையாது. எட்டையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். முதல் ஐந்தாறு மாதத்துக்கு ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் போதும்.

ஸ்மெல், லுக், ஃபீல் எல்லாம் லிங்கிங் வெர்ப்பா, ஆக்‌ஷன் வெர்ப்பா?

இரண்டுமாக வரும். ‘தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பது லிங்கிங். ‘ஷி ஸ்மெல்ஸ் தி ஃப்ளவர்’ என்பது ஆக்‌ஷன். தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது: பூ மணக்கிறது, பூவை முகர்கிறாள். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது.

சோதிக்க, அந்த இடத்தில் இஸ் போட்டுப் பாருங்கள். ‘தி ஃப்ளவர் இஸ் ஸ்வீட்’ பொருந்துகிறது, ஆகவே லிங்கிங். ‘ஷி இஸ் தி ஃப்ளவர்’ என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு வந்தால் ஆக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இஸ் சில இடத்தில் லிங்கிங், சில இடத்தில் ஹெல்பிங் என்கிறார்களே?

இஸ்ஸுக்குப் பின்னால் வேறொரு வினை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘ஷி இஸ் ரன்னிங்’ என்பதில் ரன் வருகிறது, எனவே இஸ் உதவிக்கு வந்தது. ‘ஷி இஸ் டால்’ என்பதில் வேறு வினை இல்லை, எனவே இஸ்தான் மெயின் வெர்ப்.

துணைவினை தமிழுக்குப் புதிதில்லை. ஓடிக்கொண்டிருக்கிறாள், பார்த்துவிட்டான் எல்லாம் அப்படித்தான். ஒரே வித்தியாசம், தமிழில் துணை பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆங்கிலத்தில் முன்னால் தனியாக நடக்கிறது. ‘ஓடி’ முதலில், ‘கொண்டிருக்கிறாள்’ பிறகு. ‘இஸ்’ முதலில், ‘ரன்னிங்’ பிறகு. ஒரு தாளில் இரண்டையும் எழுதிக் கோடு போட்டு இணைத்தால் கோடுகள் குறுக்கே வெட்டும். பிள்ளைகளுக்கு அந்த வெட்டு நன்றாக நினைவில் நிற்கிறது.

‘டிட் யூ வென்ட்?’, ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்று எழுதுவதை எப்படி நிறுத்துவது?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். தமிழில் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். போனாய், போனாயா? ஓர் ஆகாரம் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் கேள்விக்கும் மறுப்புக்கும் டூ என்ற ஒருவரை அழைத்து வர வேண்டும். தனக்கென்று பொருள் ஏதும் இல்லாமல், சுமை தூக்க மட்டும் வருபவர் அவர்.

அந்தச் சுமையைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டுங்கள். இரண்டு தொப்பி வேண்டும். ஒன்றில் எஸ், இன்னொன்றில் இறந்தகாலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ‘கோ’வாக நிற்கட்டும். ‘ஹி கோஸ்’ என்னும்போது எஸ் தொப்பி கோவின் தலையில். கேள்வி கேட்க வேண்டும் என்றதும் இன்னொரு பிள்ளை டூவாக வந்து முன்னால் நிற்க வேண்டும். வந்தவர் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொள்வார். டூ இப்போது டஸ் ஆகிவிட்டார், கோ வெறுந்தலையோடு நிற்கிறார். ‘டஸ் ஹி கோ?’ இறந்தகாலத் தொப்பியும் இப்படித்தான் கைமாறும். ‘ஷி வென்ட்’ என்பது ‘டிட் ஷி கோ?’ ஆகும். ஒரு தொப்பியை இரண்டு பேர் போட முடியாது என்பது புரிந்த பிள்ளை, ‘டிட் யூ வென்ட்’ என்று எழுதிவிட்டுத் தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் ஒரே பிள்ளை என்றால் இரண்டு பொம்மையும் இரண்டு பாட்டில் மூடியும் போதும்.

இஸ், ஆர், கேன், வில் இருக்கும் வாக்கியத்துக்கு டூ தேவையில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். அவர்களே எழுந்து முன்னால் போய்விடுவார்கள்: ‘ஆர் யூ ரெடி?’, ‘கேன் யூ ஸ்விம்?’ இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் ‘டூ யூ ஆர் ரெடி?’ வரும்.

ஹி, ஷி, இட் வந்தால் எஸ் சேர்க்க வேண்டும் என்பது ஏன் மனதில் நிற்பதில்லை?

தமிழ்ப் பிள்ளை போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதியைத் தப்பில்லாமல் போடுகிறது. ஆங்கிலத்தில் கேட்பது ஒரே ஓர் எஸ். அது மட்டும் நழுவுகிறது! தமிழில் விகுதிக்குப் பெரிய வேலை உண்டு. ‘போகிறேன்’ என்ற ஒரு சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஹி என்று முன்பே சொல்லியாகிவிட்டது. எஸ் இல்லாவிட்டாலும் பொருள் கெடாது, அதனால் காது அதைத் தேடுவதில்லை.

இன்னொரு சிக்கல், எஸ் என்றாலே பன்மை என்று பிள்ளை முன்பே படித்திருப்பது. ‘தி பாய் ரன்ஸ்’, ‘தி பாய்ஸ் ரன்’ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒரே எஸ் இங்கிருந்து அங்கே தாவுவது போலத் தெரியும். எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாதுதான். ‘தி சில்ட்ரன் ரன்’ என்பதில் எஸ்ஸே இல்லை. ஆனாலும் முதல் பிடிமானத்துக்கு உதவும்.

பாட்டியைப் பற்றி எழுதும்போது ‘மை கிராண்ட்மா ஆர்’ என்று எழுதுகிறாளே?

மரியாதை தெரிந்த பிள்ளை. ‘பாட்டி வந்தார்கள்’ என்று பழகியதால் பன்மை வருகிறது. ஆங்கில வினையில் மரியாதைக்கென்று விகுதி கிடையாது, ஒருவர் என்றால் இஸ்தான், அதனால் பாட்டிக்குக் குறைவு வந்துவிடாது என்று சொல்லுங்கள்.

இர்ரெகுலர் வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யவைக்க வேண்டுமா?

மூன்று பத்தியாக அச்சடித்த நீளப் பட்டியலை மேலிருந்து கீழே ஒப்பிக்கவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அகர வரிசையில் ஒப்பித்த பிள்ளை, எழுதும்போது ‘ஐ பையிட்’ என்றுதான் எழுதும்.

முதலில் ‘கோட்’, ‘ஈட்டெட்’, ‘பையிட்’ என்று பிள்ளை சொன்னால் பதறாதீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத சொல் அது. விதியைத் தானாகக் கண்டுபிடித்துப் போட்டுப் பார்க்கிறது. 1958இல் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ, மொழியிலேயே இல்லாத சொற்களைச் சின்னக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் ஒன்று ‘ரிக்’ என்ற பொய் வினை. இந்த ஆளுக்கு ரிக் பண்ணத் தெரியும், நேற்றும் அதையே பண்ணினார், நேற்று என்ன பண்ணினார் என்ற கேள்விக்குப் பல குழந்தைகள் ‘ரிக்ட்’ என்று பதில் சொன்னார்கள். கேட்டே இராத சொல்லுக்கு இறந்தகாலம்! ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் சில காலம் ‘கோட்’ என்று சொல்லித்தான் பிறகு வென்ட்டுக்கு வருகிறார்கள்.

தமிழிலும் இந்தக் கூத்து உண்டு. நில் நின்றான் ஆகிறது, கேள் கேட்டான் ஆகிறது, வா வந்தான் ஆகிறது, போ போனான் ஆகிறது. நாம் பட்டியல் படித்தா கற்றோம்? கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், ஸீ எல்லாமே இர்ரெகுலர்தான். அடிக்கடி காதில் விழுவதால்தான் அவற்றின் பழைய வடிவம் அழியாமல் நிற்கிறது. அதே காரணத்தால் கதை கேட்கும் பிள்ளைக்கு அவை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நேற்று நடந்ததைச் சொல்லும் கதைகளை வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள்.

பட்டியல் வேண்டுமென்றால் ஓசையை வைத்துக் கட்டுங்கள். சிங் சாங், ரிங் ராங், ஸ்விம் ஸ்வாம் ஒரு கட்டு. பை பாட், ப்ரிங் ப்ராட், திங்க் தாட், டீச் டாட், கேச் காட் இன்னொரு கட்டு. மாறாத புட், கட், ஹிட், ஷட் மூன்றாவது. வாரத்துக்கு ஒரு கட்டு, அதற்கு மேல் வேண்டாம். கோவுக்கு வென்ட் எப்படி வந்தது என்று துருவும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம்: வென்ட் முன்பு வேறொரு வினையின் இறந்தகாலம், கோ அதைத் தனக்கு எடுத்துக்கொண்டது.

ஈடி சேர்த்தால் எப்படி உச்சரிப்பது?

t, d ஒலிகளில் முடியும் வினைக்கு மட்டும் கூடுதலாக ஓர் அசை வரும்: வான்ட் வான்டெட், நீட் நீடெட். வாக், ஜம்ப், ப்ளே போன்றவற்றுக்கு அசை கூடாது. ‘வாக்கெட்’, ‘ஜம்ப்பெட்’ என்று படிக்கும் பிள்ளையைக் கைதட்டச் சொல்லுங்கள். ஜம்ப்புக்கு ஒரு தட்டு, ஜம்ப்ட்டுக்கும் ஒரே தட்டு.

ட்ரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ் பிள்ளைக்குப் புரியுமா?

பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் சுலபம். வினையிடம் ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். ‘ஷி ஓப்பன்ட்’, எதை? கதவை. பதில் இருந்தால் ட்ரான்சிட்டிவ். ‘ஷி ஸ்லெப்ட்’, எதைத் தூங்கினாள்? கேள்வியே அபத்தம், இன்ட்ரான்சிட்டிவ். தமிழ் வகுப்பில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று இதையேதான் படிக்கிறார்கள். இரண்டு வகுப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் நம்மை ஏமாற்றும். கண்ணாடி உடைந்தது, அவன் கண்ணாடியை உடைத்தான். பந்து உருண்டது, பந்தை உருட்டினாள். வாளி நிரம்பியது, வாளியை நிரப்பினார். தானாக நடந்தால் ஒரு வினை, ஒருவர் செய்தால் இன்னொரு வினை. தமிழ்ப் பிள்ளை இந்த வேறுபாட்டைப் பேச்சிலேயே கற்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘தி கிளாஸ் ப்ரோக்’, ‘ஹி ப்ரோக் தி கிளாஸ்’ இரண்டுக்கும் ஒரே ப்ரோக். ரோல், ஃபில், மூவ், ஸ்டாப் எல்லாம் இப்படித்தான். எனவே ஒரு வினையை ட்ரான்சிட்டிவ் என்று முத்திரை குத்த முடியாது. அந்த வாக்கியத்தில் அது எப்படி வந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். தமிழில் ‘திற’ போன்ற ஒன்று கைகொடுக்கும்: கதவு திறந்தது, கதவைத் திறந்தான். அதிலிருந்து தொடங்கினால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

தமிழ்போல ஜோடியாக நிற்கும் வினைகளும் ஆங்கிலத்தில் சில உண்டு. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு அல்லது உயர்த்து. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ஆங்கிலம் பேசுபவர்களே லை, லே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அதிலும் லையின் இறந்தகாலம் லே என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? இதைப் பத்து வயதுக்கு முன் எடுக்க வேண்டாம்.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஏன் தவறு?

நோ, லைக், வான்ட், பிலாங், சொந்தம் என்ற பொருளில் வரும் ஹேவ் ஆகியவை ஒரு நிலையைச் சொல்லும் வினைகள். அவற்றோடு பொதுவாக ஐஎன்ஜி சேர்ப்பதில்லை. இதற்குத் தமிழே நல்ல தராசு. ‘கொண்டிருக்கிறது’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது, எனக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள். காது ஒப்பவில்லை அல்லவா? அங்கே ஐஎன்ஜியும் ஒப்பாது. ‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’ ஒப்புகிறது, ஆகவே ‘ஐ ஆம் ரன்னிங்’ சரி.

எல்லா இடத்திலும் தராசு சரியாக நிற்காது. ‘புரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்கிறோம். ஆனால் அங்கே வந்திருப்பது ‘புரிந்துகொள்’ என்ற வேறு வினை, புரிந்துகொண்டுவிட்டேன் என்று பொருள். விதிவிலக்கை அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மோடல் வெர்ப்புகளை எப்படி அறிமுகப்படுத்துவது?

கேன், குட், மே, மைட், ஷேல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஒன்பது. எஸ் சேராது, பின்னால் ‘டு’ வராது, அடுத்து வரும் வினை வெறும் வினையாகவே இருக்கும். ‘ஷி கேன் ஸ்விம்’ என்பதில் எங்கேயும் எஸ் இல்லை. பிள்ளை ஏன் என்று கேட்டால் தமிழைக் காட்டுங்கள். நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவள் போக வேண்டும். வேண்டும், முடியும், கூடாது எல்லாம் ஆளுக்கேற்ப மாறுவதில்லை. இரண்டு மொழியிலும் இந்தக் கூட்டம் விகுதிக்குக் கட்டுப்படாத கூட்டம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி, ‘மழை வரலாம்’ என்றால் வாய்ப்பு. நம் ‘லாம்’ செய்யும் இந்த இரண்டு வேலையையும் ஆங்கிலத்தில் ‘மே’ செய்கிறது.

கவனிக்க வேண்டியது மஸ்ட். ‘போக வேண்டும்’ என்பது ‘மஸ்ட் கோ’ என்று தெரிந்ததும், ‘போக வேண்டியதில்லை’ என்பதற்கு ‘மஸ்ட் நாட் கோ’ என்று பிள்ளை எழுதிவிடும். அதன் பொருள் ‘போகக் கூடாது’. வேண்டியதில்லை என்பதற்கு ‘நீட் நாட் கோ’.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் என்ன?

ஒரு வினையும் ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவது. கிவ் என்றால் கொடு, ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. தமிழ் எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. ‘கை’யும் ‘விடு’வும் தெரிந்த ஒருவர் ‘கைவிடு’ என்பதன் பொருளை ஊகிக்க முடியுமா? அதைப் போலத்தான் ‘புட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’, ‘ரன் அவுட்’ எல்லாம். பிரித்துப் பொருள் சொல்லாதீர்கள், முழுசாக ஒரு சொல் என்றே எழுதவையுங்கள்.

கதை எழுதும்போது ‘ஹி கெட்டிங் அப், பிரஷ்ஷிங், கோயிங்’ என்று எழுதுகிறானே?

‘எழுந்து, பல் துலக்கி, உடுத்தி, பள்ளிக்குப் போனான்’ என்ற தமிழ் வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் எச்சம். காலத்தை அந்தக் கடைசி ‘போனான்’ தாங்குகிறது. பிள்ளை எழுந்து, துலக்கி என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வடிவம் தேடுகிறது, ஐஎன்ஜி அகப்படுகிறது. ஆங்கிலத்தில் இப்படி அடுக்கும்போது ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: ‘ஹி காட் அப், பிரஷ்ட் ஹிஸ் டீத், காட் ட்ரெஸ்ட் அண்ட் வென்ட் டு ஸ்கூல்’. தமிழ் வாக்கியத்தை முதலில் ‘எழுந்தான். துலக்கினான். உடுத்தினான். போனான்.’ என்று உடைக்கவையுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும்.

பேசும்போது வினையில் தவறு செய்தால் உடனே திருத்தலாமா?

பேச்சை நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘ஐ கோட் டு தி பார்க்’ என்றால், ‘ஓ, யூ வென்ட் டு தி பார்க்! அப்புறம்?’ என்று சரியான வடிவத்தைப் பதிலில் வைத்துச் சொல்லிவிட்டுக் கதையைக் கேளுங்கள். எழுத்தில் திருத்தலாம். அங்கேயும் ஒரு தடவைக்கு ஒரே வகைத் தவறு போதும். இன்றைக்கு எஸ் என்றால் எஸ் மட்டும்.

எனக்கே ஆங்கிலம் சரளமாக வராது. நான் சொல்லித்தரலாமா?

தாராளமாக. தமிழிலேயே விளக்குங்கள், எடுத்துக்காட்டு மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். கற்பவர்களுக்காகத் தயாரித்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றில் வினைக்குப் பக்கத்தில் டி என்றோ ஐ என்றோ ஓர் எழுத்து இருக்கும். டி என்றால் ட்ரான்சிட்டிவ், ஐ என்றால் இன்ட்ரான்சிட்டிவ். இர்ரெகுலர் வினையாக இருந்தால் அதன் இறந்தகால வடிவமும் அங்கேயே இருக்கும். ‘ஓப்பன்’ என்ற சொல்லை முதலில் எடுத்து, எந்த எழுத்து இருக்கிறது என்று பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, “அச்சுல தப்பா?” என்று கேட்கும்.